மூணாம் நம்பர் லென்ஸ்

கண் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் டாக்டர் சொல்வதற்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டு, வெளியே வந்து, சிகிச்சையை விளக்கிச் சொல்கிற கவுன்சிலரிடம்தான் வாயைத் திறப்பார்கள். முக்கால் மணி நேரம் படம் போட்டுக் காட்டி, மூன்று வகை அறுவை சிகிச்சையிலும் உள்ள நல்லது கெட்டதையெல்லாம் பிட்டுப் பிட்டு வைத்த பிறகு, கடைசியாக ஒன்று கேட்பார்கள். "அதெல்லாஞ் சரிங்க, உங்க வீட்டு ஆளா இருந்தா எதைச் செய்வீங்க?" இந்தக் கேள்வி காதில் விழாமல் பிரகதி ஒரு நாளும் வீடு போய்ச் சேர்ந்ததில்லை.

ஈரோட்டில் அந்த ஆஸ்பத்திரியில் இருந்த மற்ற கவுன்சிலர்கள் இதற்கு மழுப்பலாக ஏதாவது சொல்வார்கள். பிரகதிக்கு மழுப்ப வேண்டிய அவசியமே இல்லை. "எங்க வீட்டுக்காரருக்கு மூணாம் நம்பர்தானுங்க வெச்சிருக்கோம்" என்பாள். அதற்கு மேல் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். டாக்டர் படித்த படிப்பும் ஆராய்ச்சிக் கட்டுரைகளும் ஒரு பக்கம், கவுன்சிலரின் வீட்டுக்காரர் ஒரு பக்கம் என்றால் நம் ஆட்கள் வீட்டுக்காரர் பக்கம்தான் நிற்பார்கள். அவள் சொன்னது பொய்யும் இல்லை. தரணீஷின் இரண்டு கண்ணிலும் அந்த லென்ஸ் ஏறி நாலு வருஷமாகிறது. திங்கட்கிழமை மீட்டிங்கில் அதிகம் பேரை மூணாம் நம்பருக்குச் சம்மதிக்க வைத்தவள் என்று அவளுக்குத்தான் கை தட்டுவார்கள். கைதட்டு வாங்கி வாங்கி அவளுக்கு அலுத்துவிட்டது.

கிட்டப்பார்வை என்றால் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கிற விஷயமாக ஒரு காலத்தில் இருந்தது. பிறந்ததிலிருந்து போன் திரையை மூக்கில் ஒட்டிக்கொண்டு வளர்ந்த தலைமுறைகள் வந்த பிறகு, மைனஸ் பதினைந்தும் இருபதும் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிறது. அந்த அளவுக்குப் போன கண், ஊதிய பலூன் மாதிரி நீண்டு, உள்ளே இருக்கும் விழித்திரை மெலிந்து, நடுவில் நைந்து போகும். அதற்குப் பிறகு எந்தக் கண்ணாடியாலும் முழுசாகச் சரிசெய்ய முடியாது.

யோகஸ்ரீக்கு மைனஸ் இருபத்திரண்டு. மொடக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்திருந்தாள். முப்பத்து நாலு வயதுதான், ஆனால் அந்தத் தடித்த கண்ணாடிக்குள் கண் மிளகு போலச் சிறுத்துத் தெரிந்ததில் வயதைச் சொல்ல முடியவில்லை. கூடவே அவள் கணவன் கௌசிக், சக்கர நாற்காலியில் எட்டு வயது மகன் துருவன். பிறக்கும்போது மூச்சு தாமதமாக வந்ததில் பையனுக்குப் பேச்சு வரவில்லை, நடக்கவும் முடியாது. கழுத்தை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு எதையாவது பார்த்துக்கொண்டிருப்பான்.

கௌசிக் மஞ்சள் பயிரிட்ட காடுகளுக்கு டிரோன் வைத்து மருந்தடிக்கிறவன். உட்கார்ந்த இடத்திலிருந்தே போனில் மூன்று காட்டில் இருக்கிற ஆட்களை ஏவிக்கொண்டிருந்தான். ஆனால் மனைவியின் கண் விஷயத்தில் அவனுக்குத் தெளிவு இருந்தது. இருப்பதிலேயே உசத்தியானதாகப் பார்த்து வைத்துவிட வேண்டும், பையனைப் பார்த்துக்கொள்கிறவள் அவள் ஒருத்திதான், அவளுக்குக் கண் போனால் வீடே நின்றுவிடும் என்று வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டான். நல்ல மனுஷன்தான். இப்படிச் சொல்கிற நல்ல மனுஷர்களைப் பிரகதி தினமும் பத்துப் பேராவது பார்க்கிறாள்.

அவள் வழக்கம் போல முதலாவதிலிருந்து ஆரம்பித்தாள். லேசர் வைத்துக் கருவிழியின் மேல்பரப்பைச் செதுக்குவது எளிது, மறுநாளே வேலைக்குப் போகலாம். ஆனால் யோகஸ்ரீயின் கருவிழியில் செதுக்க அவ்வளவு கனம் இல்லை, பாதிப் பவர்தான் குறையும், மிச்சத்துக்குக் கண்ணாடி போட்டே ஆகவேண்டும். இரண்டாவது, உள்லென்ஸ். அவளுடைய சொந்த லென்ஸுக்கு முன்னால் மெல்லிய கண்ணாடி மாதிரி ஒன்றைச் சொருகி வைப்பார்கள். பவர் முழுசாகப் போய்விடும். வேண்டாமென்றால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

"அப்பறம் என்னுங்க, அதையே வெச்சரலாமே" என்றான் கௌசிக், போனிலிருந்து தலையை எடுக்காமல்.

"வெளிச்சம் தெளிவா உள்ள போகுமுங்க. ஆனா உள்ள இருக்கற திரை நைஞ்சிருக்குதுல்ல? எடது கண்ணுல நடுப்பக்கம் போயிருச்சு, வலதுலயும் போயிட்டு இருக்குது. அதனால யாரையாவது நேரா பாத்தாங்கன்னா, அவங்க மூஞ்சி நடுவுல அழிச்ச மாதிரி ஒரு கறை நிக்கும். சுத்தியும் இருக்கறது நல்லாத் தெரியும். வருஷம் போகப் போக அந்தக் கறை பெருசாகும்."

யோகஸ்ரீ அதைக் கேட்டு அதிரவில்லை. இப்போதே அப்படித்தான் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

பிறகு மூணாம் நம்பர். சொந்த லென்ஸை எடுத்துவிட்டு, சிந்திக்கிற லென்ஸ் ஒன்றை வைப்பது. திரையில் எந்த இடம் போய்விட்டதோ அந்த இடத்தில் தெரிய வேண்டியதை அதுவே வரைந்து நரம்புக்கு அனுப்பிவிடும். கறை இருக்காது. ஓட்டை உடைசல் இல்லாத முழுப் பார்வை. வைத்த நாளிலிருந்து நாற்பது நாள் அது வீட்டு மனிதர்களைப் பழகிக்கொள்ளும், அதற்குப் பிறகு உடம்புச் சூட்டிலேயே ஓடும், சார்ஜ் போடுகிற தொல்லை இல்லை. இதையெல்லாம் பிரகதி தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். சொல்லி முடித்ததும் யோகஸ்ரீ அவள் பக்கம் குனிந்தாள்.

"ஏனுங்கக்கா, என்னைய உங்க தங்கச்சியா நெனச்சுச் சொல்லுங்க. நீங்க எதை வெப்பீங்க?"

பிரகதியும் வழக்கமான பதிலைச் சொன்னாள். கௌசிக்கின் முகம் தெளிந்தது. நாளைக்கே படுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். கேட்டுக்கொண்டிருக்கும்போதே யோகஸ்ரீ சட்டென்று கண்ணாடியைக் கழற்றினாள்.

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மகனின் முகத்துக்கு நாலு விரற்கடை தூரத்தில் தன் முகத்தைக் கொண்டுபோனாள். மைனஸ் கண்ணுக்கு அந்த ஒரு வசதி உண்டு. ஊர் உலகம் தெரியாவிட்டாலும் மூக்கு நுனியில் இருப்பது மயிர்க்கால் வரைக்கும் தெரியும். தலையைக் கொஞ்சம் திருப்பி, கறையில்லாத ஓரத்தால் அவன் உதட்டைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் பையனை நாற்காலியிலேயே ஒருக்களித்துச் சாய்த்து, பையிலிருந்து குப்பியை எடுத்து மூக்கில் மருந்தை அடித்தாள். பிரகதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பையன் சும்மாதான் உட்கார்ந்திருந்தான். அப்புறம்தான் வலிப்பு வந்து அவன் கை விறைத்தது, கால் வெட்டியது. மருந்து முன்னாலேயே போயிருந்ததால் சீக்கிரமே அடங்கிவிட்டது. கௌசிக் போனைக் கீழே வைக்கும்போது யோகஸ்ரீ பையனின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எப்படித் தெரிந்தது என்று பிரகதி கேட்டாள்.

"ஒதட்டைச் சுத்தி ஒரு வெளுப்பு ஓடுமுங்க. கூடவே எடது புருவம் ரவையூண்டு ஏறும். அப்பவே மருந்து அடிச்சாத்தான் கேக்கும். நேரம் தப்புச்சுன்னா மூச்சு நின்னு போகுது, ரெண்டு தடவை அப்புடி ஆயிருச்சு" என்றாள் யோகஸ்ரீ. கையில் கட்டுகிற கருவியும் வாங்கிப் பார்த்தார்களாம். அது நாடித் துடிப்பு மாறிய பிறகுதான் கத்துமாம், அதற்குள் பாதி வழி போயிருக்குமாம்.

கௌசிக், "நாளைக்கு எத்தனை மணிக்கு மேடம் வரோணும்?" என்றான். பிரகதி நேரத்தைச் சொன்னாள். அவர்கள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். நாளைக்கு வைக்கப் போகிற லென்ஸில் அந்த வெளுப்பு தெரியாது என்பது அந்தக் கட்டடத்திலேயே அவளுக்குத்தான் வேறு யாரையும் விட நன்றாகத் தெரியும்.

வீட்டுக்குப் போனபோது தரணீஷ் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அவனுக்கு எதிரில் போய் உட்கார்ந்தாள். பஸ்ஸில் வரும்போதே அழுதிருந்தாள். முகம் கழுவவில்லை. அவன் நிமிர்ந்து, நேராக, அன்பாகப் பார்த்தான்.

"என்ன இன்னைக்கு இவ்வளவு சந்தோசமா இருக்கறே?" என்றான்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்து போன காலமெல்லாம் முடிந்துவிட்டது. லென்ஸ் அவளைப் பழகிய அந்த நாற்பது நாளும் கோடை விடுமுறை. ஏற்காட்டுக்குப் போனார்கள், அவள் தங்கைக்குக் கல்யாணம் நடந்தது, வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். அவள் எந்நேரமும் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரித்த முகத்தைத்தான் லென்ஸ் எடுத்து வைத்துக்கொண்டது. நாலு வருஷமாகத் தரணீஷின் கண்ணில் அவள் ஏற்காட்டிலிருந்து இறங்கவே இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் துலக்கும்போது வாயில் வைத்த தண்ணீர் ஓரமாக ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தால் முகத்தின் இடது பாதி தொங்கிப் போயிருந்தது. ஓடிப்போய் அவனை எழுப்பி, பாருங்க, என் மூஞ்சியப் பாருங்க என்று அலறினாள். அவன் பதறி எழுந்து உற்று உற்றுப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லையே பிரகதி, நல்லாத்தானே இருக்கறே" என்றான். முகவாதம் என்று டாக்டர் சொன்னதை நம்பி, மருந்து வாங்கிக் கொடுத்து, பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டான். ஒரு மாசம் கழித்து அவளே சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டாள். அவன் கண்ணுக்கு அது எப்போதுமே சரியாகத்தான் இருந்தது, உடனே நம்பிவிட்டான். வாயின் இடது ஓரம் இன்னமும் இறங்கித்தான் இருக்கிறது. இடது கண் முழுசாக மூடாமல் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறது. இதை ஊரில் யார் அவனிடம் சொல்லப் போகிறார்கள்? ஒருத்தன் பெண்டாட்டியின் கோணல் வாயைப் பற்றி அவனிடமே பேசுகிற வழக்கம் இன்னும் எங்கேயும் வரவில்லை.

லென்ஸுக்கு முகத்தைப் புதுப்பித்துவிடலாம். ஆஸ்பத்திரியில் ஒரு பகல் முழுக்க எதிரெதிரே உட்கார வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எல்லாம் நன்றாகத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறவன் எதற்காக வருவான்? வந்தவர்கள் மிகச் சிலர். தரணீஷை அவள் கூட்டிக்கொண்டு போகவில்லை. முதலில் அது ஒரு நிம்மதியாகத்தான் இருந்தது. தெருவில் எல்லோரும் அவள் வாயைப் பார்த்துப் பேச, ஒரே ஒருத்தன் பழைய முகத்தைப் பார்த்துப் பேசினான். பிறகு போகப் போக, அவன் பேசுவது தன்னிடம் இல்லை, தனக்கு முன்னால் நிற்கிற வேறு ஒருத்தியிடம் என்று தோன்ற ஆரம்பித்தது. அவள் மேல் இவளுக்குப் பொறாமைகூட வந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அவள் எழுந்து சோறு வைக்கப் போனாள். அடுப்படியிலிருந்து பார்த்தபோது தரணீஷ் ஏதோ ஒரு பையனின் விடைத்தாளைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தான். கல்நெஞ்சக்காரனாக இருந்திருந்தால் எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும் என்று அவள் நினைத்தாள்.

மறுநாள் யோகஸ்ரீ பச்சை உடுப்பு மாற்றிக்கொண்டு, கண்ணில் சொட்டு மருந்து விடுவதற்காக மாடி வார்டில் காத்திருந்தாள். துருவன் நாற்காலியில் இருந்தான். கௌசிக் ஜன்னல் ஓரமாக நின்று போனில் யாரிடமோ காற்று அதிகமிருக்கிறது, மருந்தடிக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். பிரகதி போய்க் கதவைச் சாத்தினாள். கவுன்சிலர் இப்படி வார்டுக்கு வரும் வழக்கம் கிடையாது. சொல்லப் போவது தெரிந்தால் திங்கட்கிழமை மீட்டிங்கில் கை தட்ட மாட்டார்கள், அதுவும் அவளுக்குத் தெரியும்.

"நேத்து ஒண்ணு சொல்லாம விட்டுட்டேனுங்க" என்று ஆரம்பித்தாள். கௌசிக் போனை அணைத்துவிட்டு வந்தான். செலவு ஏதாவது கூடுமா என்று கேட்டான். இல்லை என்றாள்.

"அந்த லென்ஸு நடுவுல வரைஞ்சு காட்டும்னு சொன்னேன்ல. ஒவ்வொரு நிமிசமும் புதுசாப் பாத்து வரைஞ்சா கண்ணுக்குள்ள சூடு தாங்காதுங்க. அதனால தெரியாத ஆளா இருந்தா மட்டும் புதுசாப் பாக்கும். வீட்டு ஆளா இருந்தா, அந்த நாப்பது நாள்ல பழகுன மூஞ்சியவே எடுத்துப் போட்டுக்கும். பேசறதுக்குத் தகுந்தாப்புல ஒதடு அசையும், கண்ணு சிமிட்டும், எல்லாம் அசலாட்டவே இருக்கும். ஆனா அந்த நாப்பது நாள்ல பாக்காத எதையும் அது காட்டாது. இங்க வந்து ஒரு பகல் உக்காந்து புதுசு பண்ணுனாத்தான் மூஞ்சி மாறும்."

கௌசிக், "அப்ப பையனுக்கு ஒதடு வெளுத்தா?" என்றான்.

"தெரியாதுங்க. அவங்க நேரா பாத்தாலும் ஓரத்தால பாத்தாலும், தம்பி நல்லா இருக்கற மாதிரியேதான் தெரியும்."

நேற்று ஏன் சொல்லவில்லை என்று கௌசிக் குரலை உயர்த்தினான். கேட்க வேண்டிய கேள்விதான். பிரகதி தன் வாயின் இடது ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இது கோணி ரெண்டு வருசமாச்சுங்க. எங்க வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது."

யோகஸ்ரீ கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு, தலையைச் சாய்த்து, பிரகதியின் வாயை நிதானமாகப் பார்த்தாள். அப்படி ஒருத்தர் கூச்சமில்லாமல் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று பிரகதிக்கு இருந்தது.

"அவருகிட்ட நீங்களாச் சொல்லிப் புதுசு பண்ணிக்கலாமுல்லங்கக்கா?"

"பயமா இருக்குதுங்க. ஒரே நாள்ல இவ்வளவும் பாத்தா அவரு மூஞ்சி எப்படிப் போகுமோன்னு பயமா இருக்குது. ஆனா நான் அழுதாலும் அவருக்குச் சிரிக்கற மாதிரித்தான் தெரியுது. அது அதைவிடக் கஷ்டமா இருக்குது." வேறு யாரிடமும் சொல்லாததை ஒரு நோயாளியிடம் சொல்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. சட்டென்று வேலைக்கு வந்தாள். இரண்டாம் நம்பரே வைத்துக்கொள்ளலாம், கறை இருக்கும், ஆனால் நேற்று செய்தது போல ஓரத்தால் பார்த்தால் பையனின் முகம் உள்ளது உள்ளபடி தெரியும், ஓரத்தால் பார்க்க ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி கொடுக்கிறார்கள், டாக்டரிடம் தானே பேசி மாற்றித் தருகிறேன் என்றாள்.

"அதையே பண்ணிருங்க மேடம்" என்றான் கௌசிக். "நல்ல வேளை, இப்பவாச்சும் சொன்னீங்க."

"இல்லீங்கக்கா. எனக்கு மூணாம் நம்பரே இருக்கட்டும்" என்றாள் யோகஸ்ரீ.

அவளுக்குச் சரியாகப் புரியவில்லை என்று பிரகதி நினைத்தாள். மறுபடியும் முதலிலிருந்து எளிமையாகச் சொல்ல வாயெடுத்தாள். யோகஸ்ரீ கையைக் காட்டி நிறுத்தினாள்.

"புரிஞ்சுதுங்க. அவனுக்கு வலிக்கறது எனக்குத் தெரியாது. வாய் இழுத்துக்கறது தெரியாது. ஒதடு வெளுக்கறது தெரியாது. அதானுங்களே?" அவள் குரலில் சண்டை இல்லை, அழுகையும் இல்லை. கடைக்குப் போய் என்ன வேண்டும் என்று சொல்கிற குரல். "எட்டு வருசமா நான் அந்த ஒரு மூஞ்சியத்தான் பாத்துட்டு இருக்கறேன். சோத்தைப் போட்டுத் தட்டைப் பாக்கமாட்டேன், அவன் மூஞ்சியத்தான் பாப்பேன். கக்கூஸ் போனாக் கதவைத் தொறந்து வெச்சுட்டு அவனைப் பாப்பேன். எங்கம்மா சாவுக்குப் போயும் எங்கம்மா மூஞ்சிய நான் பாக்கலைங்க. சலிச்சுப் போச்சு. அவம்மேல இல்ல. இந்தப் பாக்கறது இருக்குதே, அது சலிச்சுப் போச்சு. நீங்க பாக்க ஆளில்லைன்னு அழுகறீங்க. எனக்குப் பாத்துப் பாத்தே உசுரு போகுதுங்க."

பிரகதி இந்தப் பையனைக் காப்பாற்றத்தான் தன் வீட்டு ரகசியத்தை இங்கே கொண்டுவந்து கொட்டினாள். அது இப்படித் திரும்பும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. இவள் என்ன தாய் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. உடனே, தன் புருஷனை இரண்டு வருஷமாக ஏமாற்றிக்கொண்டிருக்கிற தனக்கு அதைக் கேட்க என்ன தகுதி என்றும் தோன்றியது.

"அவனைக் குளிக்க வெக்கறப்பச் சிரிப்பான்" என்றாள் யோகஸ்ரீ. "சுடுதண்ணிய வயித்துல ஊத்துனா அப்புடி ஒரு சிரிப்பு. அந்த நாப்பது நாளும் ரெண்டு வேளை, மூணு வேளை குளிக்க வெச்சுக்கறேன். எனக்கு அந்த மூஞ்சி போதுமுங்க."

கௌசிக் மனைவியை ஏதோ புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தான். "பைத்தியமா உனக்கு? அப்ப அவனுக்கு வந்துச்சுன்னா யாரு பாக்கறது?"

"நீங்க பாருங்க மாமா. உங்களுக்குக் கண்ணாடிகூட இல்லையே."

அவன் பிரகதியைப் பார்த்தான். மேடம், நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள் என்கிற பார்வை. நேற்று வரைக்கும் இந்தப் பார்வைக்கு அவளிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. இன்றைக்கு ஒன்றுதான் சொன்னாள். கண் அவங்களுடையது, முடிவும் அவங்களுடையதுதான், டாக்டரும் அதைத்தான் கேட்பார் என்றாள். பையனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பாவத்தில் தனக்கும் பங்கு உண்டு என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் எட்டு வருஷமாக அந்தப் பெண்ணைத் தனியாக விட்டதில் ஏற்கெனவே பலருக்குப் பங்கு இருந்தது.

கௌசிக் வேலையைப் பற்றிச் சொன்னான். காலையில் ஆறு மணிக்குப் போனால் இருட்டினால்தான் வருகிறேன் என்றான். இருக்கிற ஆட்களை நம்பி டிரோனைத் தினமும் விட முடியாது, தேர்ந்த ஆள் கிடைப்பதில்லை என்றான். நர்ஸ் வைக்கலாமா என்று கேட்டான், அவனே அது கட்டுப்படியாகாது என்றும் சொல்லிக்கொண்டான். யோகஸ்ரீ எதையும் மறுத்துப் பேசவில்லை. எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டினாள். அவளுடைய முடிவு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. பேசிப் பேசி அவனே ஓய்ந்தான்.

சொட்டு மருந்து விடுகிற நர்ஸ் கதவைத் தட்டித் தலையை நீட்டினாள். பிரகதி பத்து நிமிஷம் கேட்டு அனுப்பிவைத்தாள். கதவு மறுபடி மூடிய பிறகு, கௌசிக் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு மகனுக்கு எதிரில் உட்கார்ந்தான். எப்படி உட்கார்வது என்று தெரியாதவன் மாதிரி முழங்காலில் கையை வைத்துக்கொண்டான். பிறகு குனிந்து பார்த்தான்.

"எந்தப் புருவம்னு சொன்னே?"

"எடது."

"அவனுக்கு எடதா, நமக்கு எடதா?"

பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், யோகஸ்ரீ கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுச் சுவரில் தலையைச் சாய்த்திருந்தாள். தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. உட்கார்ந்த இடத்தில், விளக்கு வெளிச்சத்தில், இரண்டு ஆட்கள் பேசிக்கொண்டிருக்கும்போது எப்படி ஒருத்தரால் இவ்வளவு ஆழமாகத் தூங்க முடியும் என்று இருந்தது.

"தம்பிக்கு எடதுங்க" என்றாள் பிரகதி, மெதுவாக. "ஒதட்டையும் சேத்துப் பாருங்க."

கௌசிக் நாற்காலியை இன்னும் முன்னால் நகர்த்தினான். புருவத்தைப் பார்த்தான். உதட்டைச் சுற்றிப் பார்த்தான், எது வெளுப்பு எது அவன் நிறம் என்று அவனுக்குப் பிடிபடவில்லை. மேலுதட்டில் ஒரு சின்னத் தழும்பு இருந்தது, அது எப்போது வந்தது என்றும் தெரியவில்லை. அங்கேயிருந்து கண்ணுக்கு வந்தான். கழுத்தைச் சாய்த்துக்கொண்டு துருவன் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தான். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தானோ.